களப்பணிச் செய்தித் தன்னியக்கம்

களப்பணிச் செய்தித் தன்னியக்கம் என்பது, வாடிக்கையாளரின் இருப்பிடத்திற்கே பணியாளரை அனுப்பிச் சேவை வழங்கும் தொழில்களில், வாடிக்கையாளருக்கும் பணியாளருக்கும் உரிய அறிவிப்புகளைக் கணினியே உரிய வேளையில் அனுப்புமாறு அமைக்கும் முறை ஆகும். சமையல் எரிவாயு விநியோகம், மின்தடை நீக்கல், தொலைபேசி இணைப்புப் பழுதுநீக்கல், மின்தூக்கிப் பராமரிப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி பராமரிப்பு முதலிய தொழில்களில் இம்முறை பயன்படுகிறது. அறிவிப்புகள் குறுஞ்செய்தி, பதிவு செய்யப்பட்ட குரல் அழைப்பு, மின்னஞ்சல், வாட்சப் போன்ற செயலிகள் ஆகியவற்றின் வழியாக அனுப்பப்படுகின்றன.

இம்முறையின் பயன், செய்தி எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைவிட, அது கூறுவது களத்தில் உண்மையாக நடந்ததா என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

தேவை

அலுவலகத்தில் நடைபெறும் சேவையில் வாடிக்கையாளரும் பணியாளரும் ஒரே இடத்தில் இருக்கின்றனர். களப்பணியில் அவ்வாறில்லை. வேலையை ஒதுக்கும் அலுவலகம் ஓரிடத்திலும், செய்யும் பணியாளர் வழியிலும், காத்திருக்கும் வாடிக்கையாளர் வேறிடத்திலும் இருக்கின்றனர். மூவரும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் அறியாவிடில், பணியாளர் பூட்டிய வீட்டிற்குச் சென்று திரும்புவதும், வாடிக்கையாளர் வராத பணியாளருக்காக நாள் முழுதும் காத்திருப்பதும் நிகழும்.

காத்திருப்பதால் ஏற்படும் இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவினதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியை ஒட்டி அமைந்துள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம். இங்கும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய அண்மை ஊர்களிலும் நெசவாளர்களுக்கு வீடே தொழிற்கூடம். நெய்து முடித்த சேலைக்கே கூலி வழங்கப்படுவதால், தறியிலிருந்து எழுந்து செலவிடும் நேரம் கூலியற்ற நேரமாகும். எரிவாயு உருளை, மின்பணியாளர், தறி பழுதுபார்ப்பவர் என எல்லாச் சேவையும் அவ்வீட்டு வாசலுக்கே வரவேண்டும். எனவே களப்பணிச் செய்தி ஒன்றின் நிறைகுறைகளை ஆராய இத்தகைய ஊர் ஏற்ற எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

வரலாறு

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரித்தானியாவில் வோடபோன் வலையமைப்பின் வழியாக அனுப்பப்பட்டது. நீல் பாப்வொர்த் என்னும் பொறியாளர் அதனைக் கணினியிலிருந்து ஒரு நகர்பேசிக்கு அனுப்பினார். அவ்வகையில், கணினி மனிதருக்குச் செய்தி அனுப்புவது என்பது குறுஞ்செய்தியின் தொடக்கத்திலேயே இருந்த பயன்பாடாகும்.

இந்தியாவில் நகர்பேசிச் சேவை 1995-ஆம் ஆண்டில் தொடங்கியது. உள்வரும் அழைப்புகளுக்கான கட்டணம் 2003-ஆம் ஆண்டில் நீங்கிய பின்னர் நகர்பேசி எளிய மக்களிடமும் விரைவாகப் பரவியது. மணியடித்தவுடன் துண்டிக்கப்படும் "மிஸ்டு கால்" செலவில்லாத செய்தியாக மக்களிடையே வழக்கத்திற்கு வந்தது. பிற்காலத்தில் நிறுவனங்களும் இவ்வழக்கத்தைத் தம் பதிவு முறைகளில் ஏற்றுக்கொண்டன. விரைவான எழுத்துச் செய்திக்கு நெடுங்காலம் பயன்பட்டு வந்த தந்திச் சேவை 2013 சூலையில் நிறுத்தப்பட்டது. பெரு நிறுவனங்கள் தம் மென்பொருளிலிருந்து நேரடியாகச் செய்தி அனுப்பும் வசதியை வாட்சப் 2018-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது.

இயங்கும் முறை

இத்தகைய அமைப்பு ஐந்து உறுப்புகளைக் கொண்டது.

- நிகழ்வு: வேலையின் நிலை மாறுதல். பதிவு செய்தல், பணியாளரை ஒதுக்குதல், புறப்படுதல், முடித்தல், தள்ளிவைத்தல் ஆகியன நிகழ்வுகள்.
- விதி: எந்நிகழ்வு நேர்ந்தால் யாருக்கு எப்போது செய்தி செல்லவேண்டும் என்னும் வரையறை.
- வார்ப்புரு: முன்னரே எழுதப்பட்ட செய்தி. பெயர், நாள், பதிவு எண் போன்ற இடங்கள் மட்டும் வெற்றிடமாக விடப்பட்டு, அனுப்பும்போது நிரப்பப்படும்.
- வழி: குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, மின்னஞ்சல், செயலி ஆகியவற்றுள் ஒன்று.
- பதிவேடு: எச்செய்தி, எந்நேரத்தில், யாருக்குச் சென்றது, சென்று சேர்ந்ததா என்னும் குறிப்பு.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி பழுதாகிறது எனக் கொள்ளலாம். முறையீடு பதிவானவுடன் வாடிக்கையாளருக்குப் பதிவு எண் செல்கிறது. பணியாளர் ஒதுக்கப்பட்டதும் முகவரியும் பழுதின் விவரமும் பணியாளருக்கும், அவர் பெயரும் வரும் நேரமும் வாடிக்கையாளருக்கும் செல்கின்றன. பணியாளர் குறித்த நேரத்திற்குள் புறப்படவில்லையெனில் மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கை செல்கிறது. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் உறுதி கேட்கப்படுகிறது. அவர் "முடியவில்லை" என்று விடையளித்தால் முறையீடு மீண்டும் திறக்கப்படுகிறது.

இவற்றுள் இறுதிப் படியே பெரும்பாலும் விடுபடுகிறது. அது இல்லாத அமைப்பில் வேலை முடிந்தது என்பதற்குப் பணியாளர் அழுத்திய பொத்தானைத் தவிர வேறு சான்று இல்லை.

அமைப்பை வடிவமைப்போர் வேறு சிலவற்றையும் கருதவேண்டும். ஒரே நிகழ்வு இருமுறை பதிவானாலும் செய்தி ஒருமுறையே செல்லவேண்டும். வேலை நீக்கப்பட்டால் அதற்கெனக் காத்திருக்கும் நினைவூட்டல்களும் நீங்கவேண்டும். தொலைபேசி நிறுவனம் "சேர்ந்தது" எனத் தெரிவிப்பது கருவியைச் சேர்ந்ததையே குறிக்கும். உரியவர் படித்தார் என்பதைக் குறிக்காது.

சமையல் எரிவாயு விநியோகம்

இந்தியாவில் இம்முறையைப் பெருமளவில் பயன்படுத்தும் களப்பணிகளுள் ஒன்று வீடுகளுக்கான சமையல் எரிவாயு விநியோகம் ஆகும். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் தத்தம் முகவர்கள் வழியாக 14.2 கிலோகிராம் எரிவாயு கொண்ட உருளைகளை வீடுகளுக்கு வழங்குகின்றன.

முன்னர் வாடிக்கையாளர் முகவரின் அலுவலகத்திற்கு நேரில் சென்றோ தொலைபேசியில் ஊழியரிடம் பேசியோ உருளைக்குப் பதிவு செய்தனர். பின்னர் பதிவு செய்யப்பட்ட எண்ணை அடையாளம் கண்டு, குரல்வழி வினாக்களுக்கு எண் பொத்தான்களால் விடைபெறும் தானியங்கி முறை வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் இண்டேன் வாடிக்கையாளருக்கு 2020 நவம்பர் முதல் நாடு முழுமைக்கும் ஒரே பதிவு எண்ணை வழங்கியது. 2021 சனவரியில் மிஸ்டு கால் வழியாகப் பதிவு செய்யும் வசதியையும் தொடங்கியது. குரல்வழி வினாக்களைப் பின்தொடர இயலாத முதியோருக்கும் சிற்றூர் மக்களுக்கும் இது எளிதாக அமைந்தது.

பதிவு, விலைச்சீட்டு உருவாக்கம், விநியோகம் ஆகிய ஒவ்வொரு நிலையிலும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி செல்கிறது. இம்முறையில் ஓர் இடைவெளி இருந்தது. உருளை வீட்டிற்கு வந்துசேராத நிலையிலும் விநியோகம் முடிந்ததாகக் கணினியில் குறிக்க இயலும். வாடிக்கையாளருக்கு "வழங்கப்பட்டது" என்னும் செய்தி வரும், உருளை வராது. மானிய விலை உருளைகளைப் பொறுத்தவரை, இவ்வாறு திசைமாறும் உருளை வாடிக்கையாளரின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடும்.

இதனைத் தடுக்க விநியோக உறுதிக் குறியீடு என்னும் முறை 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகப்படுத்தப்பட்டுப் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. இதன்படி ஓர் இரகசியக் குறியீடு வாடிக்கையாளரின் நகர்பேசிக்கு அனுப்பப்படும். உருளை கொண்டுவரும் பணியாளருக்கு அக்குறியீடு தெரியாது. வாடிக்கையாளர் உருளையைப் பெற்றுக்கொண்டு குறியீட்டைக் கூறியபின், பணியாளர் அதைத் தம் கருவியில் பதிந்தால் விநியோகம் முடிந்ததாகக் கருதப்படும். வேலையை முடித்துவைக்கும் உரிமை பணியாளரின் கையிலிருந்து வாடிக்கையாளரின் சொல்லுக்கு மாறுவதே இம்முறையின் கருத்து.

இதற்கும் வரம்பு உண்டு. பதிவு செய்யப்பட்ட நகர்பேசி வெளியூரில் வேலைபார்க்கும் மகனிடம் இருக்குமாயின், வீட்டிலிருக்கும் முதியவருக்குக் குறியீடு கிடைக்காது. எண் மாறியிருந்தாலும் இதே நிலைதான். உருளையைப் பெறுமுன் குறியீட்டைக் கூறிவிட்டால் பாதுகாப்புப் பயனற்றுப்போகும்.

மின்விநியோகம்

தமிழ்நாட்டில் மின்சாரம் தொடர்பான முறையீடுகளை மாநிலம் முழுமைக்கும் ஓரிடத்தில் பெறுவதற்காக மின்னகம் என்னும் மின்நுகர்வோர் சேவை மையம் 2021 சூன் 20 அன்று தொடங்கப்பட்டது. முறையீடு பதிவு செய்யப்பட்டு, உரிய பிரிவு அலுவலகத்திற்கு அனுப்பப்படுகிறது. அப்போது விநியோகத்தை மேற்கொண்டிருந்த தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் 2024-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது. அதன்பின் விநியோகப் பணி தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தைச் சேர்ந்தது.

மின்கணக்கீட்டுச் செய்தி நெசவாளர்களுக்குத் தனிச் சிறப்புடையது. தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை மின்பயன்பாடு கணக்கிடப்படுகிறது. இக்காலத்திற்கான கட்டணமில்லா மின்சாரம் 2023-ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு 200 அலகிலிருந்து 300 அலகாகவும், விசைத்தறி நெசவாளர்களுக்கு 750 அலகிலிருந்து 1000 அலகாகவும் உயர்த்தப்பட்டது. பயன்பாட்டளவைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தியைக் கொண்டு, அளவு சரியாகக் குறிக்கப்பட்டதா, சலுகை கணக்கில் வந்ததா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் சரிபார்க்கலாம்.

மின்பணியில் தன்னியக்கச் செய்தி நுழையக்கூடாத இடமும் உண்டு. மின்கம்பியில் வேலை செய்யுமுன் அப்பகுதியில் மின்னோட்டம் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்து பெறும் அனுமதி "லைன் கிளியர்" எனப்படுகிறது. அனுமதி கொடுத்தவரும் பெற்றவரும் தெளிவாக அறியப்பட்டிருக்கவேண்டும். வேலை முடிந்து ஆட்கள் இறங்கியபின், பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுத்தாலன்றி மின்னோட்டம் மீண்டும் விடப்படலாகாது. "மின்தடை மாலை 5 மணிக்கு முடியும்" என்று பொதுமக்களுக்குச் செல்லும் செய்தி ஒரு மதிப்பீடே. அதனை மின்னோட்டம் விடுவதற்கான ஆணையாகவோ, கம்பத்தில் ஏறுவதற்கான உறுதியாகவோ கொள்வது உயிரிழப்பில் முடியும்.

பட்டு நெசவுத் தொழிலில்

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் உற்பத்தி பல வீடுகளில் பரவி நடைபெறுகிறது. நெசவு முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றை நெசவாளருக்குக் கொடுத்து, நெய்த சேலைகளைப் பெற்றுக்கொண்டு கூலி வழங்கும் முறை கைத்தறித் தொழிலில் பரவலானது. ஒரு பாவில் பல சேலைகள் நெய்யப்படுகின்றன. பாவு முடிந்ததும் புதிய பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும். ஜக்கார்டு பெட்டி பழுதானால் அதை அறிந்தவர் தறி இருக்கும் வீட்டிற்கு வரவேண்டும். தறிகளைச் சுற்றிப்பார்த்து வருவதும், பாவு பிணைப்பதும், ஜக்கார்டு சரிசெய்வதும் களப்பணிகளே.

இத்தொழிலுக்குச் செய்தித் தன்னியக்கத்தைப் பொருத்தினால் பின்வரும் நிலைகளில் செய்திகள் அமையும்.

- பாவு கொடுத்தவுடன், கொடுத்த பட்டு, சரிகை ஆகியவற்றின் எடையைக் குறிக்கும் செய்தி.
- இறுதிச் சேலை தறியிலிருக்கும்போது, அடுத்த பாவை ஆயத்தம் செய்யவும் பாவு பிணைப்பவருக்கு நாள் குறிக்கவும் செய்தி.
- ஜக்கார்டு பழுது பதிவானால் பழுதுபார்ப்பவருக்கும் நெசவாளருக்கும் செய்தி.
- சேலை ஒப்படைக்கப்பட்டவுடன், அதன் எடையையும் கூலியையும் முன்பணக் கழிவையும் குறிக்கும் செய்தி.

இரண்டாவது செய்தியை நாட்கணக்கைக் கொண்டு அனுப்புவது தவறாக முடியும். குழித்தறியில் மழைநீர் ஊறினால் நெசவு நிற்கும். வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினாலும் நிற்கும். வேலைப்பாடு மிகுந்த முந்தானை கூடுதல் நாட்களை எடுக்கும். இவற்றைக் கணினி அறியாது. ஆகவே நெசவாளர் தாமே ஒரு மிஸ்டு கால் கொடுத்தோ ஓர் எண்ணை விடையாக அனுப்பியோ "இறுதிச் சேலை ஏறிவிட்டது" எனத் தெரிவிப்பதையே தொடக்க நிகழ்வாகக் கொள்வது பொருத்தமானது.

நான்காவது செய்தி நெசவாளருக்குப் பெரிதும் பயன்படக்கூடியது. கொடுத்த பொருள், பெற்ற சேலை, கழித்த முன்பணம் ஆகியவற்றின் கணக்கு கொடுப்பவரின் ஏட்டில் மட்டும் இருக்குமானால், ஐயம் எழும்போது நெசவாளரிடம் காட்டுவதற்கு ஒன்றுமிராது. நாளும் நேரமும் கொண்ட செய்தி அவர் கையில் இருக்கும் இரண்டாவது கணக்காகிறது. நியாயவிலைக் கடைகளில் மின்னணுக் குடும்ப அட்டை நடைமுறைக்கு வந்தபின், வாங்கிய பொருட்களின் விவரம் குறுஞ்செய்தியாக அட்டைதாரருக்குச் செல்வதும் இத்தகைய பயனை உடையதே. வாங்காத பொருள் எழுதப்பட்டிருந்தால் அவர் அதை அன்றே அறியலாம்.

தமிழில் குறுஞ்செய்தி

ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டு அளவுடையது. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் 7 பிட்டுகளில் அடங்குவதால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் எழுத்துகள் பொதுவாக ஒருங்குறியில் 16 பிட்டுகளாக அனுப்பப்படுவதால் 70 இடங்களே கிடைக்கின்றன. நீண்ட செய்தி பகுதிகளாகப் பிரிக்கப்படும்போது, பகுதிகளை இணைக்கும் குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால் இவ்வெண்ணிக்கைகள் முறையே 153, 67 எனக் குறைகின்றன.

மேலும், உயிர்மெய் எழுத்துகளில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம் தேவை. புள்ளிக்கும் ஓரிடம் உண்டு. "நெசவாளர்" என்னும் சொல் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு எட்டு இடங்கள். "மின்தடை" நான்கெழுத்து, ஏழு இடங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனிக்கட்டணம் உள்ளதால், ஒரே கருத்தைத் தமிழில் அனுப்புவது ஆங்கிலத்தில் அனுப்புவதைவிட நிறுவனத்திற்குக் கூடுதல் செலவாகிறது. தமிழ் பேசும் வாடிக்கையாளருக்கும் ஆங்கிலச் செய்திகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படித்தறிய இயலாத செய்தி சென்றுசேராத செய்திக்கு ஒப்பானது. எனவே வார்ப்புருவைச் சுருக்கமாக எழுதுதல், முதன்மையான நாளையும் எண்ணையும் முதலில் வைத்தல், எழுத்தறியாதவர்க்குக் குரல் அழைப்பைப் பயன்படுத்தல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன.

சட்ட ஒழுங்குமுறை

இந்தியாவில் வணிகச் செய்திகளை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் வெளியிட்ட விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. செய்தி அனுப்பும் நிறுவனம் தன்னையும், அனுப்புநராகத் தோன்றும் சுருக்கப் பெயரையும், செய்தி வார்ப்புருக்களையும் தொலைபேசி நிறுவனங்களின் பகிர்ந்த பதிவேட்டில் பதிவு செய்யவேண்டும். பதிவான வார்ப்புருவுடன் பொருந்தாத செய்தி தடுக்கப்படும்.

இச்சோதனை 2021 மார்ச்சு 8 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பல நிறுவனங்களின் வார்ப்புருக்கள் பதிவாகியிராமையால் வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் உட்படப் பெருந்தொகையான செய்திகள் சென்றுசேரவில்லை. மறுநாளே ஆணையம் அதனை ஏழு நாட்களுக்கு நிறுத்திவைத்தது. செய்தியை மட்டுமே நம்பியுள்ள சேவை, செய்தி நின்றவுடன் தானும் நின்றுவிடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பதிவு முறையின் தேவையை உணர்த்திய நிகழ்வுகளும் உண்டு. "முந்தைய மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு மின்இணைப்பு துண்டிக்கப்படும்" என்னும் போலிச் செய்திகள் 2022-ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் பரவின. அவற்றிலுள்ள எண்ணை அழைத்தோர் பணத்தை இழந்தனர். இவை பெரும்பாலும் தனிநபர் நகர்பேசி எண்களிலிருந்து வந்தவை. உண்மையான அறிவிப்புக்குப் பழகிய மக்களின் நம்பிக்கையே மோசடிக்குக் கருவியாயிற்று.

வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி ஆகியவற்றைக் கையாள்வது குறித்து இந்திய நாடாளுமன்றம் 2023-இல் எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

குறைபாடுகள்

- பொய்யான முடிவு: வேலையைக் குறித்த காலத்தில் முடித்ததாகக் காட்டவேண்டிய அழுத்தம் மிகும்போது, செய்யாத வேலையும் முடிந்ததாகக் குறிக்கப்படுகிறது. கணினி அதையே வாடிக்கையாளருக்கு உறுதியாகக் கூறுகிறது.
- மிகுதி: செய்திகள் அளவுக்கு மிஞ்சினால் படிக்கப்படாமல் போகும். தேவையான ஒன்றும் அவற்றோடு புதையும்.
- ஒருவழித்தன்மை: விடையளிக்க வழியில்லாத செய்தி, முறையிட விரும்புபவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.
- பணியாளர் சுமை: ஒவ்வொரு அசைவையும் பதிவுசெய்யும் கருவி கண்காணிப்பாக மாறுகிறது. ஒரு தெருவில் வெள்ளம் இருந்ததையோ மாடி ஏறியதையோ அது கணக்கில் கொள்வதில்லை.
- பொறுப்பு மறைதல்: "செய்தி அனுப்பப்பட்டுவிட்டது" என்பதே பணி முடிந்ததற்கு ஈடாகக் கருதப்படும் நிலை தோன்றுகிறது.

இக்குறைகளைக் களையப் பெரும்பாலும் கூடுதல் மென்பொருள் தேவைப்படுவதில்லை. வேலை முடிந்ததைப் பெற்றவர் உறுதிசெய்தல், ஒவ்வொரு செய்தியிலும் மனிதர் ஒருவரை அடையும் எண்ணைக் குறித்தல், நேரம் தவறும்போது காரணத்தோடு முன்கூட்டியே அறிவித்தல் ஆகிய மூன்றும் அடிப்படை நெறிகளாகும். பணியாளர் இன்று வரமாட்டார் எனக் காலையிலேயே உண்மையாகத் தெரிவிக்கும் செய்தி, தறியில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு நாள் நெசவை மீட்டுத் தருகிறது.

இவற்றையும் பார்க்க

- ஆரணி
- ஆரணிப் பட்டு
- குறுஞ்செய்தி
- கைத்தறி
- ஜக்கார்டு தறி
- ஒருங்குறி
- மின்னகம்